இறக்கத்தில் எரிந்த விளக்கு

வேன் பள்ளத்தில் விழுந்து ஐம்பத்திரண்டு மணித்தியாலம் ஆகியும் தயாபரன் கண் திறக்கவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவை மத்தியானம்தான் திறப்பார்கள். ஒருவர்தான் உள்ளே போகலாம், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு. முதல்நாள் தாய் இராக்கம்மா போனாள். மகனுடைய மழித்த தலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள், இனி நீயே போ என்று மருமகளிடம் சொல்லிவிட்டாள். அதனால் இன்றும் சுதர்ஷினிதான் போனாள்.

கால்மாட்டில் நின்றாள். வாயில் குழாய் செருகியிருந்தார்கள். வலது கன்னம் வீங்கி, முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. கைகள் மட்டும் அவனுடையவை. நகங்களுக்குள் பள்ளத்து மண் இன்னும் இருந்தது. அதைத் துடைக்கலாமா என்று, அடுத்த கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்க நினைத்தாள். முந்தானை நுனியை எடுத்தவள் திரும்பச் செருகிக்கொண்டாள்.

கட்டிலுக்கு மேலே ஒரு மெஷினில் பச்சை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மூலையில் ஒரு மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மெல்லிய சத்தம் ஒன்றும் கேட்டது. மிஸ்ஸி கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து குழாயை நிமிர்த்தினாள். விளக்கு அணைந்தது. ஒன்றுமில்லை என்று சுதர்ஷினியைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

சுதர்ஷினி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விளக்கு எரிந்த மூலையையே பார்த்தாள்.

வெளியே வாங்கில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். மடியில் கறுப்புப் பை. அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். பெயர் நிருபன் என்றும், வேனைக் கொண்டுவந்த கொழும்புக் கம்பெனியின் எஞ்சினியர் என்றும் தன்னைச் சொல்லிக்கொண்டான். யாழ்ப்பாணத்துப் பேச்சு. நேற்றே வந்திருக்க வேண்டியவன். வயரும் கம்பியூட்டருமாக வந்த தமிழ்ப் பெடியனை வழியில் இரண்டு சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்களாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்பவன் போலச் சொன்னான்.

டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். மூளையில் வீக்கம், வற்றினால் பார்க்கலாம், வற்றாவிட்டால் கண்டிக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னதைச் சொன்னாள். அவன் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அக்கா, உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும். பயப்பிடாதேங்கோ."

அவள் சுவரோரமாக நின்றாள்.

பெட்டரி வேனுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது என்றும், மோட்டாரையும் பெட்டரியையும் அதுதான் ஆள்கிறது என்றும், நடந்ததெல்லாம் அதில் பதிந்திருக்கும் என்றும் சொன்னான். இன்று காலை ஃபெக்டரி முற்றத்தில், நசுங்கிக் கிடந்த வேனுக்குள் படுத்து அதை வாசித்திருக்கிறான்.

"டாஷ்போட்டிலை ஒரு மஞ்சள் லைற் இருக்கு. அது எரிஞ்சிருக்கு. ஒவ்வொரு நாளும் எரிஞ்சிருக்கு."

"அது எரியுமுங்க" என்றாள் சுதர்ஷினி. "எறக்கத்துல எரியும். பசறைக்குப் போய்ச் சேந்தா தானா அமந்துரும். அவரு கொழும்புக்கு போன் போட்டுக் கேட்டாரு. ஒண்ணுமில்ல, ஓட்டுன்னு சொன்னாங்க."

"ஓம். சொன்னவை. நானும் விசாரிச்சனான்." அவன் குரல் தணிந்தது. "அது பாதி சரி."

விளக்கு ஏன் எரிகிறது என்று அவளுக்கு அப்போதுதான் ஒருவர் சொன்னார். இறக்கத்தில் வேன் தானாக உருளும்போது மோட்டாரே பிரேக்கைப் போலப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும்போது உண்டாகும் கரண்டைப் பெட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். பெட்டரியில் இடமிருந்தால்தான் அது நடக்கும். உங்கள் ஃபெக்டரி மலை உச்சியில். இரவு முழுக்க அங்கே சார்ஜ் போட்டு, முழுதாக நிரப்பி, உடனே இறக்கத்தில் விடுகிறீர்கள். நிறைகுடத்தில் இன்னும் ஊற்றினால் எங்கே போகும்? பெட்டரி வேண்டாம் என்கிறது. மோட்டார் பிடியைத் தளர்த்திவிடுகிறது. அதைத்தான் அந்த மஞ்சள் விளக்கு சொல்கிறது.

சுதர்ஷினி கேட்டுக்கொண்டிருந்தாள். நிரப்பாமல் எந்த வண்டியைத்தான் அனுப்புவார்கள்? அதுவும் நோயாளி ஏறுகிற வண்டியை.

"சும்மா எரிஞ்சால் மெல்லப் போகலாம். ஆனால் சிமிட்டினால் அந்த இடத்திலையே நிப்பாட்டவேணும். மோட்டார் முழுக்க விட்டிட்டுது எண்டு அர்த்தம். பிறகு கால் பிரேக் மட்டும்தான். உந்த இறக்கத்திலை அது சூடாகி விட்டிடும். திங்கக்கிழமை லைற் சிமிட்டினது மேல் வளைவிலை. விழுந்தது கீழை, பாலத்தடியிலை. அவருக்கு நேரம் இருந்தது அக்கா."

பையைத் திறந்து சின்னப் பொலித்தீன் உறை ஒன்றை எடுத்தான். உள்ளே ஓர் ஒட்டுப்பொட்டு. கடும் மெரூன் நிறம், வட்டம், ஓரத்தில் நூலிழைத் தங்கக்கோடு.

"இது அந்த லைற்றுக்கு மேலை ஒட்டியிருந்தது. லைற் வெளியிலை தெரிய வழியில்லை. கறுப்பு டாஷ்போட்டிலை பொட்டும் லேசிலை கண்ணிலை படாது. இது ஆற்றை, ஆர் வைக்கிற பொட்டு எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

சுதர்ஷினி திங்கட்கிழமையிலிருந்து பொட்டு வைக்கவில்லை. கோயில் குங்குமத்தை ஆஸ்பத்திரிக்கு வரும்போது மட்டும் தொட்டுக்கொண்டு வருவாள். இப்போதும் அதுதான் நெற்றியில் இருந்தது.

"தெரியாதுங்க" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு உறையைப் பத்திரமாக வைத்துக்கொண்டான். லைட்டை மறைத்தது டிரைவர் என்று வந்தால் பொலிஸ் கேஸ் அவர்மேல்தான் போகும், அதனால்தான் சரியாக அறிந்து எழுத விரும்புகிறேன் என்றான். அவளுடைய செருப்பு கதவோரம் கிடந்ததைக் கவனித்து அதையும் சுட்டிக்காட்டிவிட்டுப் போனான்.

*

வேன் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது மாசி மாதத்தில். வெளிநாட்டுச் சுகாதாரச் சங்கம் ஒன்று கொடுத்தது. தொழிலாளர் லயத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சியையும் நோயாளியையும் பசறைக்கோ பதுளைக்கோ கொண்டுபோக. அதற்கு முன் கம்பிளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு இறங்குவார்கள். லொறி ஓட்டிப் பழகிய தயாபரனைக் கொழும்புக்கு அனுப்பி ஒருநாள் பழக்கினார்கள். கொடுத்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது.

வேனுக்குச் சத்தமில்லை. வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் தெரியும். வர்றதும் தெரியல, நிக்கிறதும் தெரியல, மாமியா மாதிரி, என்று பெண்கள் சிரித்தார்கள். அது கேட்டு இராக்கம்மாவும் சிரித்தாள்.

மஞ்சள் விளக்கு முதல் வாரத்திலேயே எரியத் தொடங்கியது. தயாபரன் நாலைந்து தடவை கொழும்புக்குப் போன் செய்தான். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ எடுத்து, ஒன்றுமில்லை என்றார்கள். ஒண்ணுமில்லன்னா எதுக்கு எரியுது, என்று அவன் சுதர்ஷினியைக் கேட்பான். அவளுக்கு என்ன தெரியும்? காலையில் ரொட்டியைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவான். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. தூக்கத்தில் வலதுகால் எதையோ மிதிக்கும்.

ஆடியில் ஒருநாள் அவள் பசறைச் சந்தைக்கு அவனோடு முன்சீட்டில் போனாள். கோயில் வளைவில் விளக்கு எரிந்தது. அவன் ரோட்டைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தான். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ரோட்டப் பாருங்க, ரோட்டப் பாருங்க, என்று அவள் இரண்டு முறை சொன்னாள். பிறகு நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து, குளிக்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டுவாளே, அப்படி அந்த விளக்கின்மேல் ஒட்டினாள்.

அவன் வேனை நிறுத்திவிட்டுச் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. இனி ஒன் நெத்தியப் பாத்துக்கிட்டே ஓட்டுறேன் புள்ள, என்றான். பொட்டை எடுக்கவில்லை. அன்று மத்தியானம் இரண்டு பீங்கான் சோறு தின்றான். அதன்பின் ஒழுங்காகத் தின்றான், தூங்கினான்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸின் கண்ணாடியில் மழை வழிந்தது. அதற்குமேல் நினைக்க அவள் தன்னை விடவில்லை.

*

லயத்துக்கு ஏறும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை விட்டிருந்தது, பனி இறங்கியிருந்தது. லயத்து வரிசையில் கடைசிக் காம்பராவின் கதவு பாதி மூடியிருந்தது. உள்ளே கருப்பம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு கண்ணில் கட்டு. இடது கையில் மாவுக்கட்டு.

திங்கட்கிழமை வேனில் போனவள் அவள் ஒருத்திதான். கொழுந்தெடுக்கும்போது தேயிலை வாது கண்ணில் குத்தி, கண் சிவந்து நீர் வடிந்தது. பதுளையில் கண் காட்டப் புறப்பட்டாள். பின்சீட்டில் இருந்தால் வளைவுகளில் வாந்தி வரும் என்று முன்னால் ஏறினாள். புருஷன் செத்து நாலு வருஷம். ஒரு பெண்பிள்ளை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வீரய்யாவின் கூடப்பிறந்த தங்கை.

வழக்கமாகச் சுதர்ஷினியைக் கண்டால் அண்ணி என்று கூப்பிடுகிறவள், இப்போது கண்டும் கூப்பிடவில்லை. எழுந்துவந்து கதவைச் சாத்தினாள்.

இராக்கம்மா அடுப்படியில் இருந்தாள். மகனைப் பற்றிக் கேட்டாள். அப்படியேதான் இருக்காரு என்றாள் சுதர்ஷினி. பிளேன்ரீக் கோப்பையை மருமகளின் கையில் கொடுத்துவிட்டு, அன்று பின்னேரம் நடந்ததை இராக்கம்மா சொன்னாள்.

கொழும்புப் பெடியன் ஃபெக்டரி முற்றத்துக்குத் திரும்பிவந்து, உறையைத் தூக்கிக் காட்டிக் கேட்டிருக்கிறான். கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். டிரைவருடைய மனிசியும் தனக்குத் தெரியாது என்கிறா, அப்ப இது ஆற்றை, என்று கேட்டிருக்கிறான். அவன் விளக்கைப் பற்றித்தான் கேட்டான். கேட்டவர்கள் காதில் அது அப்படி விழவில்லை. பெண்சாதிக்குத் தெரியாத பொட்டு. வேனின் முன்சீட்டில். கூட இருந்தவள் பொட்டு வைக்கக்கூடாதவள்.  எல்லோரும் திரும்பி, அங்கே நின்ற வீரய்யாவைப் பார்த்தார்கள்.

வீரய்யா நேரே தங்கையின் காம்பராவுக்குப் போனார். நாளைக் காலை பஸ்ஸில் அவளையும் பிள்ளையையும் வெலிமடையில் ஒரு மரக்கறித் தோட்டத்துக்கு அனுப்புகிறாராம். அங்கே சித்தப்பன் முறையில் ஒருவர் இருக்கிறார். கிழங்கு கிண்டலாம். இந்தத் தோட்டத்தில் இனி அவளுக்குப் பேர் இல்லை.

சுதர்ஷினி கோப்பையைக் கீழே வைத்தாள். உள்ளே போய்ச் சுவரில் இருந்த கண்ணாடியின் பின்னால் கையை விட்டாள். அங்கே அட்டை இல்லை.

"பொட்டு அட்ட எங்க அத்த?"

"அடுப்புல போட்டுட்டேன்."

இராக்கம்மா திரும்பவில்லை. ஊதுகுழலால் நெருப்பை ஊதினாள். ஈர விறகு புகைந்தது.

"ஒன் நெத்தியில மாசக்கணக்கா அதத்தான் பாக்குறேன். எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஏன் அங்க ஒட்டுன, எதுக்கு ஒட்டுன, நான் கேக்கல. நீயும் சொல்லாத."

"கருப்பம்மாவத் தொரத்துறாங்களே அத்த."

"தொரத்தட்டும். அவளுக்கு என்னா போச்சு? நாலு நாளு பேசுவாளுக, அப்பறம் மறந்துருவாளுக. வெலிமடையிலயும் மண்ணுதான் இருக்கு. நீ வாயத் தொறந்தா என்னா ஆகும்? வெளக்கு எரியிறது தெரிஞ்சே மூடிக்கிட்டு ஓட்டுனான்னு எம்புள்ள மேல கேஸ் போடுவான். கண்ணு தொறந்தான்னா வெலங்கோடதான் தொறப்பான். தொறக்காட்டி..."

 சட்டியில் மாவைத் தட்டிப் போட்டாள். ரொட்டி ஒருபக்கம் கருகும்வரை திருப்பாமல் இருந்தாள்.

"நாளைக்கி வெள்ளன மலைக்குக் கொழுந்தெடுக்கப் போ" என்றாள் பிறகு. "வூட்டுல இருந்தா வந்துவந்து கேப்பாளுக. பத்து மணி பஸ்ஸுக்கு நேரா எறங்கி வா. நான் சோறு கட்டிக்கிட்டு ஃபெக்டரிகிட்ட நிக்கிறேன்."

காரமான கட்டச் சம்பலோடு ரொட்டி வைத்தாள். சுதர்ஷினி தின்றாள். தின்ன முடிந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

*

மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் கங்காணி அவள் பெயரைக் கூப்பிட்டபோது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையைத் தூக்கினாள். புருசன் எப்படி இருக்காரும்மா என்று கங்காணி கேட்டார். இருக்காருங்க என்றாள்.

அவளுக்குக் கிடைத்த நிரை ஓடைப்பக்கம். செடிகள் நனைந்து கிடந்தன. இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கு சற்று நேரத்திலேயே ஈரம் குடித்துக் கனத்தது. அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் தடவ மறந்துபோய் வந்திருந்தாள். கால்விரலிடுக்கில் ஒன்று ஏறியது தெரிந்தது. குனிந்து எடுக்கவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும். கை தானாகப் பறித்தது, தானாகத் தோளுக்குமேல் கூடைக்குள் எறிந்தது. பக்கத்து நிரைக்காரி பேசாமல் ஒரு தொட்டாச்சிணுங்கிக் கொடியை அவள் காலடியிலிருந்து விலக்கிவிட்டாள். இரக்கப்படுகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பனியில் முகம் தெரியவில்லை, குரல்கள் மட்டும் வந்தன. அவள் கீழே நிற்பது மேல் நிரைக்குத் தெரியாது போலிருந்தது. கண்ணில் குச்சி குத்தினதாம், எந்தக் கண்ணில் குத்தியதோ, என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, செவப்புப் பொட்டு வச்சுப் பாத்திருப்பா பாவம், ஆசை யாரை விட்டுச்சு, என்றாள். மூன்றாவது குரல் வயதானது.

"சத்தமில்லாத வண்டியில்ல. எல்லாம் சத்தமில்லாமத்தான் நடந்திருக்கு."

சிரிப்பு எழுந்து மலையோடு போனது. கங்காணி அதட்டினார். நல்லாப் பேசுங்கடி, அந்தப் புள்ள கீழ நிக்கிது, என்றார். அதன்பின் இலை கிள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

சுதர்ஷினி ஒரு முற்றல் இலையைப் பறித்துவிட்டு அதைக் கையில் வைத்தபடியே நின்றாள். ஆஸ்பத்திரி மெஷினின் மூலையில் மஞ்சள் விளக்கு எரிந்ததும், மிஸ்ஸி ஓடிவந்ததும் நினைவுக்கு வந்தன. ஒரு துண்டுப் பிளாஸ்டர் அதன்மேல் ஒட்டியிருந்தால் மிஸ்ஸி ஓடிவந்திருக்க மாட்டாள்.

பத்து மணிக்கு முன்பே கூடையை இறக்கினாள். நிறுக்கவில்லை. அடுத்த நிரைக்காரியின் கூடையில் தன் கொழுந்தைக் கொட்டிவிட்டு இறங்கினாள்.

*

பஸ் ஃபெக்டரி முற்றத்துக்கு வந்துதான் திரும்பும். நாலைந்து பேர் கூரையோரம் ஒதுங்கி நின்றார்கள். பச்சை இலை வாடும் மணம் மேல்மாடியிலிருந்து வந்தது. முற்றத்தின் மூலையில் வேன், முன்பக்கம் நசுங்கி, தார்ப்பாய்ப் படங்கால் பாதி மூடிக் கிடந்தது. நிருபன் அதன் பக்கத்தில் நின்று வயர்களைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அவனும் இந்த பஸ்ஸில்தான் போகிறான். வீரய்யா சற்றுத் தள்ளிக் குடையை ஊன்றி நின்றார், தங்கை நின்ற பக்கம் பார்க்காமல்.

கருப்பம்மா பைப்படியில் ஒரு சாக்குமூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். மகள் பள்ளிக்கூடச் சட்டையிலேயே இருந்தாள். போட வேறு நல்ல சட்டை இல்லை.

இராக்கம்மா சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்தாள். மருமகளைக் கண்டதும் வா என்று கண்ணால் சொன்னாள். சுதர்ஷினி அவளைத் தாண்டிப் பைப்படிக்குப் போனாள். காலில் இரத்தம் வழிந்திருந்தது. பைப்பைத் திறந்து காலைக் கழுவினாள். வேறு எப்படி அங்கே போய் நிற்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கருப்பம்மாதான் பேசினாள், ஒற்றைக் கண்ணால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"நீ நம்புறியா அண்ணி?"

சுதர்ஷினி பைப்பை மூடினாள்.

"ஒம் புருசன் எனக்கு அண்ணன் மொறை. நான் ஒன்ன அண்ணின்னு கூப்புடுறது வாய்க்கு ருசிக்கா? நம்பாட்டியும் போகட்டும். ஒண்ணு மட்டும் ஒன்கிட்ட சொல்லிட்டுப் போறேன். இன்னும் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா அதுக்கும் ஒரு கத கட்டுவாளுக."

மெதுவாகச் சொன்னாள். பாலத்துக்கு மேலே, மிதிச்சாப் புடிக்கலன்னு தயாபரன் சத்தம் போட்டான். இரண்டு காலாலும் மிதித்தான். கருகல் நாற்றம் வந்தது. பாலம் தெரிந்ததும் குனி என்றான். அவள் குனியவில்லை, பயத்தில் விறைத்துப்போய் இருந்தாள். அவன் இடது கையை எடுத்து அவள் மண்டையை அமுக்கித் தன் பக்கமாகப் பிடித்துக்கொண்டான். ஒரு கையால்தான் ஸ்டியரிங்கை வைத்திருந்தான்.

"ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தா அவரு மண்ட ஒடஞ்சிருக்காது. எம் மண்டதான் ஒடஞ்சிருக்கும்."

கீழ் வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. மகள் எழுந்து நின்றாள். கருப்பம்மா மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை.

"அவரு அன்னைக்கி எம்புட்டு சந்தோசமா இருந்தாரு தெரியுமா" என்றாள், மூட்டையின் வாயை இறுக்கிக்கொண்டே. "கோயில் வளைவு தாண்டினதும் சொன்னாரு. கருப்பம்மா, இன்னைக்கி லைட்டு எரியல பாத்தியா, தானா நல்லாப் போயிருச்சு போலன்னாரு. ஒரு பாட்டக்கூட முணுமுணுத்துக்கிட்டு வந்தாரு."

சுதர்ஷினி மூட்டையின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தாள். பிடித்தபடியே நின்றாள்.

பஸ் வந்து முற்றத்தில் திரும்பியது. கண்டக்டர் இறங்கி, பதுளை, பதுளை, என்று பழக்கத்தில் கத்தினான். கூரையோரம் நின்றவர்கள் அசைந்தார்கள். நிருபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். இராக்கம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வா புள்ள, சீட்டு போயிரும், என்றாள்.

சுதர்ஷினி மூட்டையை விடாமல் நிருபனைப் பார்த்தாள்.

"சார்."

அவன் நின்றான்.

"அந்தப் பொட்டு என்னோடதுங்க."

வீரய்யா திரும்பினார்.  பஸ் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இராக்கம்மா விரைந்து வந்து மருமகளின் கையைப் பிடித்தாள்.

"புருசன் கெடக்குற கெடையில ஒளறுதுங்க தம்பி. மூணு நாளாத் தூக்கமில்ல. நீங்க போங்க."

"ஒளறலத்த."

நிருபன் பையைக் கீழே வைத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. நேற்று முற்றத்தில் தான் என்ன கேட்டோம் என்பது, வீரய்யாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். கருப்பம்மாவையும் மூட்டையையும் பார்த்தான். பிறகு, சுதர்ஷினிக்கு நோகக்கூடாது என்பதுபோல மிகவும் தணிந்து கேட்டான்.

"டிரைவருக்குத் தெரியுமே அக்கா? தெரிஞ்சுகொண்டுதான் ஓட்டினவரே?"

இராக்கம்மாவின் பிடி இறுகியது. சொல்லாதே என்று அந்த விரல்கள் சொல்லின. சோற்றுப் பொட்டலம் இருவருக்கும் நடுவில் நசுங்கியது.

"மொதல்ல ஒட்டுனப்ப தெரியும்" என்றாள் சுதர்ஷினி. "ஆடியில. அப்ப சிரிச்சாரு. அப்பறம் இந்த ஞாயித்துக்கெழம அந்தியில, வண்டி கழுவுறப்ப, அத அவரே பிச்சுட்டாரு. வெளக்க மூடிக்கிட்டு ஓட்டுறது தப்பு புள்ள, நாளையிலருந்து பாத்தே ஓட்டுறேன்னாரு. ராத்திரி சாப்புடல. மறுபடியும் காலு ஒதற ஆரம்பிச்சிருச்சு."

அவள் கருப்பம்மாவைப் பார்க்கவில்லை. மாமியாரையும் பார்க்கவில்லை. படங்கால் பாதி மூடிக் கிடந்த வேனைப் பார்த்துச் சொன்னாள்.

"திங்கக்கெழம வெள்ளன தேத்தண்ணிப் போத்தல வைக்கப் போனேன். ஒரே பனி. அவரு பின்னால சார்ஜு வயரக் கழட்டிக்கிட்டு இருந்தாரு. நாந்தான் அட்டையிலருந்து புதுசா ஒண்ண எடுத்து மறுபடியும் ஒட்டுனேன். அவருக்குத் தெரியாது."